சிங்கம்பட்டி: ஆற்றங்கரை அரண்மனையும் அதன் காடும்

அம்பாசமுத்திரம் வட்டாரத்து ஊர்ப் பெயர்களைப் பார்த்தால் சிங்கம்பட்டி என்னும் பெயர் இரண்டு முறை வரும். ஒன்று ஜமீன் சிங்கம்பட்டி. மற்றொன்று அயன் சிங்கம்பட்டி. இரண்டும் அருகருகே உள்ள ஊர்கள். இரண்டும் மணிமுத்தாற்றின் தண்ணீரால் வாழ்பவை. ஏன் இந்த இரட்டைப் பெயர்? ஜமீன்தாருக்கு வரி செலுத்திய நிலம் ஜமீன் நிலம். இடையில் எவருமின்றி நேராக அரசாங்கத்துக்கு வரி செலுத்திய நிலம் அயன் நிலம். ஜமீன் முறை ஒழிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. ஆயினும் பேருந்துப் பலகையிலே அந்தப் பழைய வரிக்கணக்கு இன்றும் எழுதப்பட்டிருக்கிறது!

மணிமுத்தாறு அணைக்கும் அருவிக்கும் சுற்றுலா சென்ற தோழியர் நம்மில் பலர் இருப்போம். கல்லிடைக்குறிச்சியைக் கடந்து, அருவியில் நீராடி, கட்டுச்சோற்றை உண்டு, மாலையில் வீடு திரும்பி விடுகிறோம். வழியில் இருக்கும் அந்த அரண்மனை ஊரை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த ஊருக்குத் தெற்கிலும் மேற்கிலும் தெரியும் மலைகள் ஒரு காலத்தில் அந்த அரண்மனைக்கே உரியவையாய் இருந்தன. அந்தக் காடு யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பதைத் தொடர்ந்து பார்த்தால் நம் மாவட்ட வரலாற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதலில் பாளையம் என்பது என்ன என்று தெரிந்துகொள்வோம். 16-ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தனர் என்று படித்திருக்கிறோம். பாளையக்காரர் தம் பகுதியில் வரி வசூலிப்பார். அதில் ஒரு பங்கை மதுரைக்கு அனுப்புவார். போர் வந்தால் படையோடு வருவார். நெல்லைச் சீமையின் கிழக்கே கரிசல் நிலத்தில் பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் போன்ற பாளையங்கள் இருந்தன. மேற்கே மலையடிவாரத்தில் சிவகிரி, சேற்றூர், ஊற்றுமலை, நெற்கட்டும்செவல், ஊர்க்காடு, சிங்கம்பட்டி முதலிய மறவர் பாளையங்கள் இருந்தன. கட்டபொம்மனையும் பூலித்தேவரையும் அறிந்த அளவுக்குச் சிங்கம்பட்டியை நாம் அறியாததற்குக் காரணம் உண்டு. பாடநூல்கள் போர் செய்தவர்களைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. காவல் செய்தவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு.

அந்தக் காவல் முறை சுவையானது. ஒரு பாளையக்காரரும் அவருடைய ஆட்களும் சுற்றிலுமுள்ள ஊர்களைக் காத்தனர். அறுவடை நாளில் ஒவ்வொரு குடியானவரும் அதற்கென நெல் அளந்தனர். மாடு களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தரவேண்டும். முடியாவிட்டால் அதன் விலையைத் தரவேண்டும். சொல்லக் கேட்டால் நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கிறது. ஆனால் நெல் அளக்க மறுத்த ஊரிலே களவு போகாமல் இருந்ததா என்று கேட்டால், நம் பாட்டிமார் சிரிப்பார்கள்! கும்பினியார் இந்தக் காவல் உரிமையைப் பறித்ததற்கு அத்தகைய குறைகளையே காரணமாகக் காட்டினர். உண்மைக் காரணம் வேறு. ஆயுதம் ஏந்திய ஆட்கள் தம் கையில் மட்டுமே இருக்கவேண்டும் என்பதே அவர்கள் விருப்பம்.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் மீண்டும் எழுந்த போரும் அடக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையங்களில் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும், கோட்டைகள் அழிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். நெல்லைச் சீமைப் பாளையங்களுக்குச் சென்று வானளாவிய மதில்களைத் தேடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். மண்ணால் எழுந்த கோட்டைகள் மண்ணோடு மண்ணாயின. 1802-ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்தின் கீழ்ப் பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆயினர். கோட்டை போய் அரண்மனை மிஞ்சியது. வாள் போய் வரிக்கணக்கு மிஞ்சியது.

ஆனால் சிங்கம்பட்டிக்கு மதிலைவிட வலிய ஓர் அரண் இருந்தது. வள்ளுவர் அரண் என்ற அதிகாரத்திலே நீர், வெளிநிலம், மலை, காடு ஆகிய நான்கையும் சேர்த்தே அரண் என்கிறார். இந்த நான்கும் ஒருங்கே அமைந்த ஊர் சிங்கம்பட்டி. பின்னால் மலை, மலைமேல் காடு, காட்டிலிருந்து இறங்கி வரும் ஆறு, ஆற்றின் முன்னே வயல். கும்பினியார் மதிலை இடிக்கலாம். மலையை இடிக்க முடியுமா?

இவ்வளவு பெரிய காடு இந்த அரண்மனைக்கு எப்படி வந்தது? அரண்மனை வழிவழியாகச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மருக்கும் எட்டுவீட்டில் பிள்ளைமாருக்கும் பகை மூண்டபோது சிங்கம்பட்டி படை அனுப்பி உதவியதாம். அந்தப் போரில் அரண்மனையின் இளவரசர் ஒருவர் உயிர்நீத்தாராம். அதற்கு நன்றியாகவே எழுபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காடு வழங்கப்பட்டதாம். மகனை இழந்து மலையைப் பெற்ற கதை இது. அந்த இளவரசனின் தாய் இந்தக் கணக்கை எப்படி ஏற்றிருப்பாள் என்று கேட்கத் தோன்றுகிறது. அரண்மனைக் கதைகளில் தாய்மார் பேசுவது மிக அரிது.

சிங்கம்பட்டி ஜமீன்தார்களின் பட்டப்பெயர் தீர்த்தபதி. தீர்த்தங்களுக்குத் தலைவர் என்பது அதன் பொருள். பெயரில் சற்று மிகை இருந்தாலும் பொருள் பொருத்தமானதே. தாமிரபரணி பொதிகை மலையிலே பிறந்து, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. அதன் மேல்பகுதிக் கிளைகள் ஓடும் காடுகளில் பெரும்பகுதி ஜமீன் காடாக இருந்தது. தாமிரபரணியின் குறுக்கே மொத்தம் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. கடைசியாகத் திருவைகுண்டத்தில் உள்ளது ஆங்கிலேயர் காலத்தது. ஏனைய ஏழும் அதற்கு முந்தியவை. இந்த எட்டிலும் வாய்க்கால் திறந்து நெல் விளைவிக்க முடிவதற்கு மேலே காடு இருப்பதே காரணம்.

காடு எப்படித் தண்ணீர் தருகிறது? மழை வானத்திலிருந்து அல்லவா வருகிறது என்று கேட்கலாம். மொட்டை மலையில் மழை பெய்தால் அன்றே வெள்ளமாக ஓடிவிடும்; மறுவாரம் ஆறு வறண்டிருக்கும். சோலைக்காட்டிலோ மழைத்துளி முதலில் இலைமேல் விழுகிறது. பின்பு சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. தரையிலே பல்லாண்டுச் சருகு மெத்தைபோல் கிடக்கிறது. அது நீரை உறிஞ்சி மண்ணுக்குக் கொடுக்கிறது. வேர்கள் திறந்த வழிகளில் நீர் உள்ளே இறங்கிப் பாறை இடுக்குகளில் தங்கி, மாதக்கணக்கில் ஊற்றாகக் கசிகிறது. நம் அம்மாமார் ஈரத்துணியைப் பானையைச் சுற்றிக் கட்டி வைப்பதில்லையா? காடு மலையைச் சுற்றிய ஈரத்துணி. இந்த மலைகளுக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால் துணி காய்வதற்குள் மறுபடியும் நனைகிறது. பெருமழையைக் காடு முற்றிலும் தடுத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது தாமிரபரணிக் கரை முழுவதும் வெள்ளத்தில் மிதந்ததை நாம் அறிவோம். அத்தகைய நாளில் எந்த மெத்தையும் போதாது. ஆனால் ஆண்டில் மற்ற நாள்களும் இருக்கின்றனவே!

இந்தக் காட்டில் அரண்மனைக்கும் முன்னால் இருந்தவர்களைச் சொல்லாமல் மேலே செல்லக் கூடாது. காணி மக்கள் முண்டந்துறை, மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழிப் பகுதிகளில் இன்றும் வாழ்கிறார்கள். தேனெடுப்பது, கிழங்கு அகழ்வது, மலைச்சரிவில் சிறிது பயிரிடுவது, மூலிகை அறிவது இவை அவர்கள் வாழ்க்கை. மலை யாருடையது என்பதற்கு அவர்களிடம் பட்டயமும் இல்லை, சன்னதும் இல்லை. எனவே பட்டயம் வைத்திருந்தவர்களின் வரலாற்றில் அவர்கள் ஓரமாகவே நிற்கிறார்கள்.

அரண்மனையையும் காட்டையும் மக்களையும் ஒருசேரக் காண வேண்டுமானால் காரையாற்றங்கரைக்குச் செல்லவேண்டும். அங்கே காட்டின் நடுவே சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து, ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவர். கோயிலின் பரம்பரை உரிமை சிங்கம்பட்டி அரண்மனைக்கு. திருவிழா நாளில் சிங்கம்பட்டி ராஜா அரச உடையணிந்து கொலுவீற்றிருப்பார். மக்கள் வந்து கண்டு செல்வர். ஜமீன் சட்டப்படி ஒழிந்த பின்னும் பல்லாண்டுகள் இந்தக் காட்சி நடந்து வந்தது.

அந்தக் கோயில் வளாகத்திலே பட்டவராயன் சன்னிதி ஒன்று உண்டு. அங்கே நேர்ந்துகொண்டவர்கள் காணிக்கையாகச் செலுத்துவது செருப்பு! ஏன் என்பதை வில்லுப்பாட்டுக்காரர்கள் இரவெல்லாம் பாடுவார்கள். முத்துப்பட்டன் என்ற அந்தண இளைஞன் இந்தக் காட்டிலே பொம்மக்கா, திம்மக்கா என்னும் இரு சகோதரிகளைக் கண்டு மணக்க விரும்பினான். அவர்கள் செருப்புத் தைக்கும் குலத்தில் வளர்ந்தவர்கள். தந்தை வாலப்பகடை, பூணூலைக் களைந்து, எங்களைப் போலச் செருப்புத் தைத்துக் கொண்டுவா என்றார். பட்டன் அப்படியே செய்தான். மணம் முடிந்த இரவிலேயே மாடுகளைக் கள்வர் ஓட்டிச் செல்வதாகச் செய்தி வந்தது. காவலுக்கு ஓடியவன் கள்வரை விரட்டினான். பின்பு வஞ்சகமாகக் குத்துண்டு இறந்தான். இரு பெண்களும் சிங்கம்பட்டி அரசரிடம் சென்று உடன்கட்டை ஏற உத்தரவு கேட்டார்கள் என்று கதை முடிவை நெருங்குகிறது. பேராசிரியர் நா. வானமாமலை இக்கதைப் பாடலைப் பதிப்பித்து, படித்தவர் உலகுக்கும் கொண்டுவந்தார்.

இந்தக் கதையை நாம் இரண்டு மனத்தோடுதான் கேட்கவேண்டியிருக்கிறது. பூணூலைக் களைந்து செருப்புத் தைத்த ஒருவனைத் தெய்வமாக்கி, அவனுக்குச் செருப்பையே காணிக்கையாக்கிய மக்களின் நெஞ்சம் மிகப் பெரியது. ஆனால் அந்தப் பெண்கள் இருவரும் சாவதற்கு அரண்மனை வாசலில் உத்தரவு கேட்டு நிற்கும் இடத்திற்கு வரும்போது மனம் நடுங்குகிறது. உடன்கட்டை ஏறும் வழக்கம் 1829-இல் வங்காளத்திலும், அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. வாழ்வதற்கு எவரிடமும் உத்தரவு கேட்க வேண்டாத நாளில் நாம் பிறந்திருக்கிறோம்.

இனிக் காடு கைமாறிய கதைக்கு வருவோம். 1929-ஆம் ஆண்டு சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் ஏறத்தாழ 8,374 ஏக்கரைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் என்ற கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1863-இல் தோன்றி, பர்மாவில் தேக்கு வணிகம் செய்து வளர்ந்த கம்பெனி அது. மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் காடு திருத்தப்பட்டு மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஏழைக் குடும்பங்கள் கங்காணிகள் வழியே மலையேறின. கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதுகிலே கூடை, காலிலே அட்டை, தலைமேல் ஓயாத மழை. நாம் காலையில் பருகும் தேநீர் அந்த விரல்களைக் கடந்தே வருகிறது.

நாடு விடுதலை பெற்றதும் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1952-இல் சிங்கம்பட்டி ஜமீன் அரசுடைமை ஆயிற்று. மலைக்காடு அரசின் காடாயிற்று. ஆனால் கம்பெனியின் குத்தகை தொடர்ந்தது. அதே பத்தாண்டில், காமராசர் ஆட்சிக் காலத்தில், மணிமுத்தாற்றின் குறுக்கே 118 அடி வரை நீர் தேக்கும் அணை கட்டப்பட்டது. சிங்கம்பட்டிப் பகுதியின் பழைய பாசன வாய்க்கால் பெருங்கால். அதன் கீழுள்ள 2,700 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களுக்கு முன்போலத் தண்ணீர் கிடைத்தது. அதற்கு மேலாகப் புதிய பெரிய கால்வாய் ஒன்று நான்கு பகுதிகளாக வெட்டப்பட்டு, நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து வானம் பார்த்த நிலங்களுக்கு மணிமுத்தாற்று நீரைக் கொண்டு சென்றது. தீர்த்தபதி என்ற பட்டத்தின் வேலையை மதகுக் கதவுகள் ஏற்றுக்கொண்டன எனலாம். ஒவ்வோர் ஆண்டும் எந்தப் பகுதிக்கு முதலில் தண்ணீர் என்று உழவர்கள் அதிகாரிகளிடம் முறையிடுவதைச் செய்தித்தாளில் பார்க்கிறோம். முன்னே அரண்மனை வாசலில் நடந்திருக்கக்கூடிய வழக்குத்தான் அது.

அரசும் காட்டைப் பார்க்கும் பார்வையை மெல்ல மாற்றிக்கொண்டது. 1962-இல் முண்டந்துறை புலிகள் சரணாலயமாயிற்று. 1976-இல் களக்காடு சரணாலயமாயிற்று. 1988-இல் இரண்டும் இணைந்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆயின. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. பரப்பு ஏறத்தாழ 895 சதுர கிலோமீட்டர். சிங்கவால் குரங்கு உலகில் வேறெங்கும் இல்லாமல் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்வது. காக்காச்சிக் காடுகள் அதற்கு ஒரு முக்கியமான வீடு. தரையில் அதிகம் இறங்காத குரங்கு அது. மரக்கிளை மரக்கிளையாகவே வாழும். நடுவிலே ஒரு தேயிலைச் சரிவு வந்துவிட்டால் அதற்கு வழி அடைபட்டதுபோல.

புலிக்கும் குரங்குக்கும் இடம் வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் கொழுந்து கிள்ளியவர்களின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும், சிறையிலிருந்த தோட்டத் தொழிலாளர் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் சென்றது. கொக்கிரகுளத்தில் காவல்துறை தடியடி நடத்தியது. ஓடியவர்கள் ஆற்றில் இறங்கினர். பெண்களும் ஒரு பச்சிளங்குழந்தையும் உட்பட 17 பேர் மாண்டனர். மேலே அவர்கள் நனைந்து உழைத்த மலையின் தண்ணீர்தான் கீழே அவர்களைக் கொண்டு சென்றது. அந்த ஆற்றுப் பாலத்தைக் கடந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்பவர்கள் இன்று எத்தனையோ பேர். ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று ஆற்றிலே மலர் தூவுவோரைக் கண்டால் காரணம் இதுவென்று அறிக.

2020 மே 24 அன்று சிங்கம்பட்டியின் கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி காலமானார். 1931-இல் பிறந்த அவர், சிறு வயதிலேயே பட்டம் சூட்டப்பட்டவர். முடிசூடிய ஜமீன்தார்களில் தமிழகத்தில் கடைசியாக வாழ்ந்தவர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. பட்டம் சூடியபோது அவருக்கு மலை இருந்தது. இருபத்தொரு வயது நிரம்புவதற்குள் மலை போயிற்று. பின்னர் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் காடில்லாத ராஜாவாகவே இருந்தார். ஆயினும் ஆடி அமாவாசைக்கு மக்கள் அவரைத் தேடி வந்தார்கள். உரிமை வேறு, உறவு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவருக்குப் பின் நான்கே ஆண்டுகளில், குத்தகைக் காலம் முடியும் முன்பே, கம்பெனி தோட்டத்தை விட்டு வெளியேற முடிவு செய்தது. 2024 ஜூன் நடுவில் கொழுந்து கிள்ளும் வேலை நின்றது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் பணம் பேசப்பட்டது. மூன்று, நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, தம் முன்னோரை அங்கேயே அடக்கம் செய்த குடும்பங்கள், எங்களுக்கு இறங்கிச் செல்ல ஊரே இல்லையே என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடின. அரசின் தேயிலைக் கழகம் தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கை 2024 டிசம்பரில் ஏற்கப்படவில்லை. ஜமீன் ஒழிந்தபோது ஜமீன்தாருக்கு இழப்பீடு என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கம்பெனிக்கு அதன் குத்தகைப் பத்திரம் இருந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கூடை சுமந்த குடும்பங்களுக்குக் குடியிருந்த வீடும் கம்பெனியுடையது. காட்டை மீட்க வேண்டும் என்பது சரியே. ஆனால் அதன் விலையை முதலில் யார் செலுத்துகிறார்கள் என்பதையும் நாம் பார்க்காமல் இருக்க முடியாது.

பழைய ஒப்பந்தத்தின்படி 99 ஆண்டுகள் 2028-இல் நிறைவடைகின்றன. தேயிலை என்பது இடுப்பளவுச் செடி என்றே நாம் நினைக்கிறோம். அது கவாத்துக் கத்தியின் வேலை. வெட்டாமலும் கிள்ளாமலும் விட்டுவிட்டால் அது மரமாகவே ஓங்கி வளரும். அதன் நிழலில் சோலைமரக் கன்றுகள் தாமாக முளைத்து எழுவதற்கு நெடுங்காலம் ஆகும். பறவைகளும் குரங்குகளும் விதை கொண்டுவர வேண்டும். இப்போது அந்தச் சரிவுகளில் செடிகள் ஆள் உயரத்தைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன.